விழுந்ததும் மினுக்கும் டார்ச்: பத்து மடங்கு விலை தகுமா?

இரவுக் காவல் பணிக்காக நீங்கள் வாங்கிய மலிவு விலை டார்ச், 10,000 லூமென் (ஒளியின் அளவைக் குறிக்கும் அலகு) என்று அச்சிட்டிருந்தும் சில நிமிடங்களில் மங்குவதாகவும், ஒருமுறை கீழே விழுந்த பின் மினுக்குவதாகவும் எழுதி, பத்து மடங்கு விலையில் ஷ்யூர்ஃபயர் நிறுவனத்தின் டார்ச் போன்ற ஒன்றை வாங்குவது தகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் பணிக்குத் தகும் என்பதே என் கருத்து.

மினுக்குவது பெரும்பாலும் எல்.இ.டி.யின் குற்றமன்று, அதிர்ச்சியில் பேட்டரிக்கும் சுற்றுப்பலகைக்கும் இடையிலான தொடர்பு தளர்ந்திருக்கும். தரமானவை பலவற்றில் பேட்டரியின் இரு முனைகளிலும் வலுவான ஸ்பிரிங் இருக்கும். சிலவற்றில் சுற்றுப்பலகையே அசையாதபடி பிசினில் பதிக்கப்பட்டிருக்கும். கூடுதல் விலையின் ஒரு பகுதி கண்ணுக்குத் தெரியாத இந்த இடங்களுக்கே போகிறது.

மங்குவது வேறு கதை. மலிவான மின்சுற்றில் பேட்டரியின் வோல்டேஜ் இறங்க இறங்க ஒளியும் இறங்கும். நல்ல டார்ச்சில் மின்னோட்டத்தைச் சீராக்கும் சுற்று அதைத் தடுக்கும். ஆனால் சூடு மிகும்போது விலை உயர்ந்த டார்ச்சும் ஒளியைக் குறைத்தே ஆக வேண்டும். ஒற்றை 18650 பேட்டரியில் (டார்ச்சுகளில் பரவலாகப் பயன்படும் உருளை வடிவ லித்தியம் பேட்டரி) 10,000 லூமெனை நிமிடக்கணக்கில் எதிர்பார்ப்பது வீண் (அந்த அச்சு வெறும் அலங்காரம்).

பெட்டியில் எஃப்.எல்.1 (டார்ச்சுகளின் ஒளியையும் எரியும் நேரத்தையும் அளப்பதற்கான பொதுத் தரநிலை) தர அளவு இருக்கிறதா என்று பாருங்கள். அதன்படி ஒளி, ஏற்றி 30 நொடிகளுக்குப் பிறகே அளக்கப்படுகிறது. எனினும் அதில் 'எரியும் நேரம்' என்பது ஒளி பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரையிலான நேரமாதலால், நேரத்துக்கேற்ப ஒளி குறைவதைக் காட்டும் வரைபடத்தையும் பார்த்தே வாங்குங்கள். தினசரிப் பணிக்கு ரீசார்ஜ் செய்யும் பேட்டரியும், பையில் இன்னொன்றும் போதும்.