பழைய சிறிய சென்சார் கேமராவிலிருந்து புதிய ஃபுல் பிரேமுக்கு மாறினால் படங்கள் உண்மையிலேயே மேம்படுமா?

பத்தாண்டுகளைத் தாண்டிய, சிறிய சென்சார் (ஒளியைப் பதியும் சில்லு) கொண்ட கேமரா ஒன்று உங்களிடம் இருக்கிறது. கோவில் திருவிழாக்களையும் உறவினர் வீட்டுக் கல்யாணங்களையும் அதில்தான் எடுத்து வருகிறீர்கள். பெரிய சென்சாருள்ள ஃபுல் பிரேம் கேமரா ஒன்றைப் புதிதாக வாங்கினால் வேறுபாடு கண்ணுக்குத் தெரியுமா என்று கேட்கிறீர்கள். பகல் வெளிச்சத்தில் பெரும்பாலும் தெரியாது, விடியலுக்கு முன்பும் இரவிலும் நன்றாகவே தெரியும், ஆனால் அந்த வேறுபாட்டிலும் பெரும்பகுதி நீங்கள் எந்த லென்ஸைப் பொருத்துகிறீர்கள் என்பதைப் பொறுத்தது என்பதே என் பதில்.

நான் மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங் பட்டணத்தை ஒட்டிய ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) வசிக்கிறேன். பிறந்து வளர்ந்தது தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்). படம் எடுப்பது என் முழுநேரத் தொழில் இல்லை என்றாலும், சுற்றுவட்டாரத் தோட்டக் கோவில்களின் திருவிழாக்கள், தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டிகள், கல்யாண நிச்சயங்கள் என்று பெரும்பாலான வார இறுதிகள் அதில்தான் கழிகின்றன. 2010இல் வெளிவந்த நிக்கான் டி7000 என் பழைய கேமரா. 2025 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட நிக்கான் இசட்5 இரண்டாம் பதிப்பு என் புதிய கேமரா. இரண்டையும் இன்றும் பயன்படுத்துகிறேன். ஒரே நிறுவனத்தைப் பற்றியே எழுதுகிறானே என்று யாரும் ஐயப்பட வேண்டாம். என்னிடம் இருப்பவை இவைதான், இரண்டையும் என் சொந்தப் பணத்தில்தான் வாங்கினேன்.

முதலில் அளவுகளைப் பார்த்துவிடலாம். டி7000இன் சென்சார் 23.6க்கு 15.6 மில்லிமீட்டர், ஃபுல் பிரேம் என்பது பழைய பிலிம் சட்டத்தின் அளவான 36க்கு 24 மில்லிமீட்டர். பரப்பளவில் ஏறத்தாழ 2.3 மடங்கு. அதே எஃப் எண் (லென்ஸின் திறப்பைக் குறிப்பது, எண் சிறிதானால் திறப்பு பெரிது), அதே ஷட்டர் வேகம் என்றால், பெரிய சென்சாரில் மொத்தமாக விழும் ஒளியும் அதே மடங்கில் கூடுகிறது. ஒளி இரு மடங்காவதை ஒரு படி என்பார்கள், ஆக இது ஒரு படிக்குச் சற்று மேல். மெகாபிக்சல் 16.2இலிருந்து 24.5 ஆகிறது. அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற தரத்தில் அச்சிட்டால் பழையது 16 அங்குல அகலத்துக்கும் புதியது 20 அங்குல அகலத்துக்கும் தாங்கும். கல்யாண ஆல்பம் போடுகிறவருக்கு இந்த நான்கு அங்குலம் ஒரு பொருட்டே இல்லை. எடையைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் உலவுகிறது. பேட்டரியோடும் நினைவக அட்டையோடும் டி7000 780 கிராம், புதியது ஏறத்தாழ 700 கிராம். கண் வைத்துப் பார்க்கும் இடத்துக்கு ஒளியைத் திருப்பும் கண்ணாடியும் பட்டகமும் புதியதில் இல்லாததால், பெரிய சென்சாரைக் கொண்ட கேமராவே கைக்கு இலகுவாக இருக்கிறது.

பகலில் என்ன நடக்கிறது என்பதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. பள்ளித் திடலில் பத்து மணி வெயிலில் ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர் அளவு, ஏற்றினால் படத்தில் புள்ளிகள் கூடும்) 200இல் இரண்டிலும் எடுத்த ஓட்டப்பந்தயப் படங்களை ஒரே அளவில் அச்சிட்டுத் தலைமையாசிரியரின் மேசையில் பரப்பிவைத்தேன். எது எதில் எடுத்தது என்று அங்கிருந்தவர்களில் யாராலும் சொல்ல முடியவில்லை. டி7000இன் ரா கோப்பில் (கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் கோப்பில்) நிழற்பகுதிகளை மீட்டெடுக்கும் திறன் வெளிவந்த காலத்திலேயே பெயர் பெற்றது; கருத்த முகமும் வெள்ளைச் சட்டையும் ஒரே சட்டத்துக்குள் வந்தாலும் அது இன்றும் தலைகுனியாது. திரையில் நூறு விழுக்காட்டுக்குப் பெரிதாக்கிப் பார்த்தால் தெரியும் என்று வாதிடுவோர் வருவார்கள் என்பதை அறிவேன். தெரியும்தான், ஆனால் பெற்றோர் யாரும் தம் பிள்ளையின் படத்தை அப்படிப் பெரிதாக்கிப் பார்ப்பதில்லை.

இருட்டின் கதை வேறு. என் சின்னம்மா இன்றும் சொந்தமான சிறு நிலத்தில் பால்மரம் வெட்டுகிறார், அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைக் கீறிப் பால் எடுக்கிறார். மரத்தில் பால் நன்றாக ஊறி ஓடுவது வெயில் ஏறுவதற்கு முந்தைய குளிர்ந்த வேளையில்தான் என்பதால், தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு விடியலுக்கு முன்பே காட்டுக்குள் இறங்கிவிடுவார். சுற்றிலுமுள்ள பெரிய தோட்டங்கள் பெரும்பாலும் செம்பனைக்கு (எண்ணெய்ப் பனைக்கு) மாறிவிட்ட நிலையில், இந்த வேலையைப் படமாக வைத்திருக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. பிளாஷ் போட முடியாது. கண் கூசி, உளி பட்டையைத் தாண்டி உள்ளே இறங்கினால் மரம் காயப்பட்டு, அந்த இடத்தில் பட்டை முடிச்சு முடிச்சாக வளரும். பிறகு அங்கே வெட்டுவது கடினம். டி7000இன் முன்பக்கத்தில் போகஸுக்கு உதவும் சிறுவிளக்கு எரிந்தபோதே, “வெளிச்சத்த மூஞ்சில அடிக்காதய்யா, கோடு தெரியல” என்று சின்னம்மா கடிந்துகொண்டார். அதை அணைத்துவிட்டால், அந்தக் கேமராவின் 39 போகஸ் புள்ளிகளும் இருட்டில் தடுமாறின, எஃப் 1.8 திறப்புள்ள 35 மில்லிமீட்டர் லென்ஸ் முன்னும் பின்னுமாகத் தேடிக்கொண்டே இருக்கும். ஐ.எஸ்.ஓ. 3200இல் கிடைத்த படங்களில் மங்கு (பால் பிடிக்கும் கிண்ணம்) தெரிந்தது, வெள்ளைக்கோடாக வழியும் பால் தெரிந்தது. சின்னம்மாவின் முகம் மட்டும் புள்ளிக் கூட்டமாகக் கரைந்துபோயிருந்தது. அதற்காக அவற்றைக் குறைத்துச் சொல்லமாட்டேன். அவற்றுள் ஒன்றை வீட்டுக் கூடத்தில் பெரிதாக மாட்டியிருக்கிறேன்.

அதே மர நிரையில், அதே வேளையில், எஃப் 2 திறப்புள்ள 40 மில்லிமீட்டர் லென்ஸைப் புதிய கேமராவில் பொருத்தி நின்றபோது எனக்கு முதலில் வியப்பளித்தது சென்சார் இல்லை, கண் வைத்துப் பார்க்கும் வ்யூபைண்டர். பழைய கேமராவில் கண்ணாடி வழியாகப் பார்த்தால் என் கண் காணும் இருட்டையேதான் காண்பேன். புதியதில் மின்திரை காட்சியை வெளிச்சமாக்கிக் காட்டுவதால் மரத்தின் எந்தப் பக்கத்தில் ஆள் நிற்கிறார் என்பதே தெளிவாகத் தெரிந்தது. விளக்கு எதையும் எரியவிடாமலேயே போகஸ் முகத்தைப் பிடித்தது. ஐ.எஸ்.ஓ. 12800இல் எடுத்தும், தலைவிளக்குக்குக் கீழே அவருடைய கன்னத்தின் சுருக்கங்கள் அழியாமல் இருந்தன. ஆனால் கேமராவுக்குள்ளேயே இருக்கும் நடுக்கத்தடுப்பைப் பற்றி விளம்பரங்கள் சொல்வதை நம்பி ஷட்டரை மெதுவாக்கிவிடாதீர்கள்; அது உங்கள் கையின் நடுக்கத்தைத்தான் தடுக்கும், உளியைப் பிடித்த கையின் அசைவை நிறுத்தாது. மரங்கள் கூர்மையாக நிற்க, ஆள் மட்டும் கலங்கிய படம்தான் கிடைக்கும்.

கோவிலிலும் கிட்டத்தட்ட இதே நிலைதான். கருவறைக்கு முன்னால் பிளாஷ் கூடாது என்று குருக்கள் சொல்லிவிடுவார். தீமிதி என்றால் தணலின் செம்மையே படத்தின் உயிர், பிளாஷ் அதை அடித்துவிடும். கரகம் ஆடி வருகிறவரை எடுக்க 250இல் ஒரு பங்கு வினாடியாவது வேண்டும் என்பதால் ஐ.எஸ்.ஓ. தானாகவே ஏறிவிடுகிறது. இங்கே ஓர் எச்சரிக்கை: பூசையின்போது ஓசை வரக்கூடாது என்று ஓசையில்லா மின்ஷட்டருக்கு மாற்றினால், இப்போது எல்லாக் கோவில்களிலும் தொங்கும் எல்.இ.டி. விளக்குகளின் கீழ் படத்தில் பட்டை பட்டையாகக் கோடுகள் விழ வாய்ப்பு அதிகம். சாதாரண ஷட்டரிலேயே எடுங்கள். உறுமி மேளம் முழங்கும் இடத்தில் அதன் ஓசை யார் காதில் விழப்போகிறது?

இனி, கடைக்காரர்கள் வாய் திறக்காத கணக்குக்கு வருகிறேன். பணம் போதாமல் பலரும் செய்வது, புதிய ஃபுல் பிரேமை அதனுடன் தரும் சிறிய ஜூம் லென்ஸோடு சேர்த்து வாங்குவதுதான். அத்தகைய 24-50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றின் திறப்பு, 50இல் எஃப் 6.3 மட்டுமே. பழைய கேமராவில் எஃப் 1.8 லென்ஸை வைத்திருந்த ஒருவர் இதற்கு மாறினால், பெரிய சென்சாரால் பெறுவது ஒரு படிக்குச் சற்று மேல், திறப்பில் இழப்பது மூன்றரைப் படி. பல ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்) செலவழித்துவிட்டு இருட்டில் முன்பைவிட மோசமான படத்தை எடுப்பார். புதிய சென்சாரின் முன்னேற்றத்தையும் சேர்த்துக்கொள் என்று யாரேனும் சொல்லலாம். சேர்த்துத்தான் சொல்கிறேன், அப்போதும் அந்த இடைவெளி முழுதாக நிரம்பாது. பின்னணி மங்கலாக வருவதற்கும் இதே கணக்குதான்.

இதைவிடப் பெரிய சிக்கல் பழைய லென்ஸ்கள். டி7000இன் உடலுக்குள்ளேயே ஒரு மோட்டார் இருப்பதால், தம்முள் மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி வகை லென்ஸ்களையும் அது திருகிப் போகஸ் செய்துவிடும். புதிய கேமராக்களில் பழைய லென்ஸ்களைப் பொருத்துவதற்கு நிக்கான் விற்கும் அடாப்டரில் அந்த மோட்டார் கிடையாது. ஊர்வலங்களுக்கு நான் வைத்திருக்கும் 80-200 எஃப் 2.8 அந்த வகைதான். புதியதில் பொருத்தினால் கையால்தான் திருக வேண்டும். அதனால் தேர் இழுக்கும் நாளில் அந்த லென்ஸோடு டி7000தான் என் தோளில் தொங்கும். கேனான் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, அவர்களுடைய இஎஃப் லென்ஸ்கள் எல்லாவற்றிலும் மோட்டார் உள்ளேயே இருக்கிறது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். மற்றொன்று: டி7000இல் மேலே எழும் சிறிய பிளாஷ் உண்டு, வெளியே வைத்த பிளாஷ்களை அதைக் கொண்டே கம்பியில்லாமல் இயக்கலாம், புதியதில் பிளாஷே இல்லை, இயக்கும் கருவியைத் தனியாக வாங்க வேண்டும். பேட்டரியிலும் குறைதான். டி7000இல் ஆயிரம் படங்களுக்குத் தாங்கியது, இதில் பாதிக்கும் முன்பே தீர்ந்துவிடுகிறது.

பறவைகள் எடுப்பவராக நீங்கள் இருந்தால் என் பதில் இன்னும் மாறும். எலிகளைக் கட்டுப்படுத்துவதற்காகச் செம்பனைத் தோட்டங்களில் பெட்டி வைத்து வளர்க்கும் கூகைகளையும், கால்வாயோரத்து மீன்கொத்திகளையும் நான் 300 மில்லிமீட்டர் லென்ஸால் எடுப்பதுண்டு. சிறிய சென்சார் காட்சியின் நடுப்பகுதியை மட்டும் பதிவதால், டி7000இல் அது 450 மில்லிமீட்டருக்குரிய நெருக்கத்தை 16 மெகாபிக்சலில் தருகிறது. அதே லென்ஸை ஃபுல் பிரேமில் பொருத்தி, அதே நெருக்கத்துக்கு வெட்டினால் எஞ்சுவது ஏறத்தாழ 10 மெகாபிக்சல். பகலில் அமர்ந்திருக்கும் மீன்கொத்தியை எடுக்கப் பழையதே போதும். அந்தி மங்கிய பின் பெட்டியைவிட்டுப் பறக்கும் கூகையின் கண்ணைத் தேடிப் பிடிப்பது புதியதால் மட்டுமே ஆகும்.

ஒரு மனக்குறையையும் எழுதிவிடுகிறேன். தொடர்பில்லாதது என்று நினைப்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிச் செல்லலாம். எங்கள் பக்கத்துக் கல்யாண வீடுகளில் இப்போது ஆல்பத்தைப் பார்ப்பதற்கு முன்பே “ஃபுல் பிரேமா?” என்று கேட்கிறார்கள். ஒரு வீட்டில், என் படங்களைப் பிடித்திருக்கிறது என்று அம்மா சொல்லியும், கேமரா பழையது என்று மகன் வேறொருவரை ஏற்பாடு செய்தார். கல்யாணம் காலையில், பட்டணத்து மண்டபத்தில், சுவர் முழுக்கச் சன்னல், ஐ.எஸ்.ஓ. 800ஐத் தாண்ட வேண்டிய தேவையே இருந்திருக்காது. அதற்காகப் பொறாமையில் எழுதுகிறேன் என்று சொல்லாதீர்கள், இன்று என்னிடமும் ஃபுல் பிரேம் இருக்கிறது. கேட்கிறவர்களிடம் ஆம் என்று சொல்லிவிட்டு, பகல் கல்யாணத்தில் பாதிப் படங்களை டி7000இல்தான் எடுக்கிறேன். இதுவரை யாரும் குறை சொன்னதில்லை.

உங்கள் நிலையில் நான் இருந்தால் முதலில் பழைய கேமராவுக்கு எஃப் 1.8 லென்ஸ் ஒன்றை வாங்குவேன். அது ஃபுல் பிரேமின் விலையில் ஒரு சிறு பங்குதான். அதன் பிறகும் இரவுத் திருவிழாக்களில் முகங்கள் கரைந்தால், சுங்கைப்பட்டாணியிலோ பினாங்கிலோ வாடகைக்குத் தருபவரிடம் புதிய கேமராவை ஒரே ஓர் இரவுக்கு, எஃப் 2 அல்லது அதைவிட அகன்ற திறப்புள்ள லென்ஸோடு எடுத்துக்கொண்டு உங்கள் ஊர்க் கோவிலுக்கே போய்ப் பாருங்கள். வாங்குவதென்று முடிவானால் லென்ஸுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்கிய பிறகே வாங்குங்கள். உங்களுடையதும் பழைய நிக்கானாக இருந்து, அதை விற்றுவிடலாம் என்று தோன்றினால், அதற்கு முன் உங்களிடம் உள்ள ஒவ்வொரு லென்ஸின் மேலும் ஏஎஃப்-எஸ் என்று இருக்கிறதா, வெறும் ஏஎஃப் என்று மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாம் வகை ஒன்றிருந்தாலும், அது தானாகப் போகஸ் செய்ய, உள்ளே மோட்டார் இருக்கும் பழைய கேமரா உங்களுக்குத் தேவைப்படும்.