வெளிர்பச்சை வேறு, வெளிறிய பச்சை வேறு
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: குமுளியில் ஓர் ஏலக்காய் வணிக நிறுவனத்தில் கடிதப் போக்குவரத்தைக் கவனித்து வருகிறேன். வளைகுடாவில் உள்ள கொள்முதல்காரர் ஒருவருக்கு எழுதும்போது, வெளிர்பச்சையாக இருந்த ஒரு சரக்கை ‘டல் கிரீன்’ என்றும், கரும்பச்சையாக இருந்த இன்னொரு சரக்கை ‘போல்டு கிரீன்’ என்றும் குறிப்பிட்டேன். முதல் சரக்குக்கு விலையைக் குறைக்கச் சொல்லிவிட்டார். இரண்டாவது சரக்கு போய்ச் சேர்ந்ததும், காயின் பருமன் நான் சொன்னபடி இல்லை என்று கோபித்துக்கொண்டார். பருமனைப் பற்றி நான் ஒரு வார்த்தைகூட எழுதவில்லையே, ஐயா? (ஒரு வாசகர், குமுளி)

பதில்: எழுதியிருக்கிறீர்கள், தெரியாமல் எழுதியிருக்கிறீர்கள். ஏலக்காய் வணிகத்தில் ‘போல்டு’ என்பது காயின் திரட்சியைக் குறிக்கும் சொல். ‘ஆலப்பி கிரீன் எக்ஸ்ட்ரா போல்டு’ என்ற தரப் பெயரை நீங்கள் நாள்தோறும் பார்ப்பீர்கள். அதில் ‘ஆலப்பி’ என்பது ஆலப்புழையையும், ‘கிரீன்’ என்பது நிறத்தையும், ‘எக்ஸ்ட்ரா போல்டு’ என்பது காய் எவ்வளவு பருத்தது என்பதையும் சொல்கின்றன. எனவே ‘போல்டு கிரீன்’ என்று படித்தவர், பருத்த பச்சைக் காய் வரப்போகிறது என்று எதிர்பார்த்ததில் தவறில்லை. ஓவியம், உடை முதலியவற்றைப் பற்றி எழுதும்போது எடுப்பான நிறத்தை ‘போல்டு’ என்பது ஆங்கிலத்தில் உண்டு. ஆனால் ஒரு தொழிலுக்குள் ஒரு சொல் ஏற்கெனவே வேறொரு பொருளில் குடியேறிவிட்டதென்றால், அந்தத் தொழிலுக்கு எழுதும் கடிதத்தில் அதை நிறத்துக்குப் பயன்படுத்தாமல் இருப்பதே நல்லது.

‘டல்’ என்பதில் நேர்ந்த பிழை இதைவிட நுட்பமானது. தமிழில் வெளிர்பச்சை என்றும் வெளிறிய பச்சை என்றும் இரண்டு சொற்கள் இருக்கின்றன; ஒலியில் பக்கத்து வீட்டுக்காரர்கள்தாம் என்றாலும் பொருளில் எவ்வளவு தூரம்! வெளிர்பச்சை என்பது இயல்பிலேயே மென்மையான பச்சை. வெளிறிய பச்சை என்பது ஒருகாலத்தில் நன்றாக இருந்து, பிறகு நிறத்தை இழந்த பச்சை. முன்னதற்கு ஆங்கிலத்தில் ‘லைட் கிரீன்’ அல்லது ‘பேல் கிரீன்’ என்று எழுதலாம். பின்னதற்குச் சரியான சொல் ‘ஃபேடட் கிரீன்’. நீங்கள் எழுதிய ‘டல்’ என்பது மங்கிய, ஒளியற்ற என்ற பொருளைத் தருவது. அது நிறத்தைச் சொல்வதோடு நிற்காமல் குறையையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது.

உங்கள் தொழிலில் அந்தக் குறை ஏன் காசாகிறது என்பதை நான் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியவரில்லை நீங்கள். நன்கு பழுக்குமுன் பறித்த காயை, வெயில் படாமல், இருட்டறையில் மிதமான சூட்டுக் காற்றில் உலர்த்தினால்தான் தோலின் பச்சை நிற்கும். வெயிலில் போட்டால் வெளுத்துவிடும், முற்றிப் பழுத்ததைப் பறித்தால் மஞ்சளிக்கும், நெடுநாள் இருப்பில் வைத்தாலும் நிறம் இறங்கும். ஆகவே ‘டல்’ என்றோ ‘ஃபேடட்’ என்றோ படிக்கிற கொள்முதல்காரர், இது பழைய இருப்பாக இருக்கும் அல்லது வெயில் கண்ட காயாக இருக்கும் என்றே எடுத்துக்கொள்வார். நீங்கள் நிறம் சொன்னதாக நினைத்தீர்கள். அவர் அந்தக் காயின் பூர்வ கதையையே படித்துவிட்டார்.

கரும்பச்சைக்கும் அடர்பச்சைக்கும் இடையிலும் இத்தகைய வேறுபாடு உண்டு. கருமை கலந்ததுபோல் தோன்றினால் ‘டார்க் கிரீன்’. கருமை தெரியாமல், பச்சையே திரண்டு செறிந்து நின்றால் ‘டீப் கிரீன்’. ஏலக்காய்க்குப் பின்னது பெருமை. முன்னது சில வேளைகளில் சூடு மிகுந்து கருகியதோ என்ற ஐயத்தைக் கிளப்பும். ‘பிரைட் கிரீன்’ என்று எழுதுவதிலும் கொஞ்சம் கவனம் தேவை. பளிச்சென்ற பச்சை நல்லதுதான் என்றாலும், செயற்கைச் சாயம் ஏற்றிய காயைக் கண்டு ஏமாந்த அனுபவம் உள்ளவர்கள் அந்தச் சொல்லைக் கண்டதும் புருவத்தை உயர்த்துவார்கள். ‘நேச்சுரல் கிரீன்’ என்று எழுதி, உடன் ஒரு மாதிரிப் பொட்டலத்தையும் அனுப்பிவிடுங்கள்.

இன்னொன்று: இரண்டு நிறம் கலந்ததைச் சொல்லும்போது, ஆங்கிலத்தில் கடைசியில் வரும் சொல்லே தலைமை நிறம். ‘எல்லோயிஷ் கிரீன்’ என்றால் மஞ்சள் சாயல் கொண்ட பச்சை. ‘கிரீனிஷ் எல்லோ’ என்றால் பச்சைச் சாயல் கொண்ட மஞ்சள். இரண்டு சொற்களும் இடம் மாறினால் சரக்கே மாறிவிடும். தமிழிலும் இந்த ஒழுங்கு உண்டு. ஆனால் அவசரத்தில் ‘பச்சை மஞ்சள்’ என்று எழுதினால் படிப்பவருக்கு நிறம் தோன்றாது, கிழங்குதான் தோன்றும்.

ஒரு நிறத்தைச் சொல்லுமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளும் பழக்கம் உதவும்: எந்த நிறம், அது எவ்வளவு வெளிச்சம் அல்லது இருட்டு, எவ்வளவு செறிவு. அமெரிக்க ஓவிய ஆசிரியர் ஆல்பர்ட் மன்செல் 1905-இல் வெளியிட்ட நூலில் நிறங்களை இந்த மூன்று அளவுகளால் வரிசைப்படுத்தினார். பிற்பாடு அமெரிக்காவில் 1955-இல் வெளியான ஒரு நிறப் பெயர் முறை, அந்த அடிப்படையில் நிறங்களின் பரப்பு முழுவதையும் 267 பிரிவுகளாக்கி, ‘பேல்’, ‘லைட்’, ‘டீப்’, ‘டார்க்’, ‘ஸ்டிராங்’, ‘விவிட்’ போன்ற ஒருசில அடைமொழிகளைக் கொண்டே எல்லாவற்றுக்கும் பெயரிட்டுவிட்டது. மரகதம், பாசி, ஆலிவ் என்று அலங்காரமாக எழுதத் தெரியவில்லையே என்று நீங்கள் வருந்த வேண்டாம். வணிகக் கடிதத்துக்கு அந்த ஆறு அடைமொழிகளைச் சரியாகப் பயன்படுத்தினாலே போதும்.

கேள்வி: பாலராமபுரத்தில் எங்கள் குடும்பம் கைத்தறி வேட்டியும் சேலையும் நெய்கிறது. வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம். இப்போது இணையத்தில் விற்கத் தொடங்கியிருக்கிறோம். கோரா நிறத்துக்கு ‘ஐவரி’, ‘கிரீம்’, ‘பீஜ்’, ‘ஆஃப் ஒயிட்’ என்று ஆளுக்கொன்றாகச் சொல்கிறார்கள். எதைப் போடுவது? (ஒரு வாசகி, பாலராமபுரம்)

பதில்: அம்மா, கோரா என்பதை நாம் நிறமாகப் பேசினாலும், அடிப்படையில் அது நூலின் நிலையைச் சொல்வது: வெளுக்காத, சாயம் ஏற்றாத பருத்தி. இதே எண்ணத்தில் பிறந்த சொல் ஒன்று ஆங்கிலத்தில் இருக்கிறது. ‘எக்ரூ’ என்ற அந்தச் சொல் பிரெஞ்சிலிருந்து வந்தது. அங்கே அதற்குப் பச்சையான, பதப்படுத்தாத என்று பொருள். உங்கள் கோராவுக்கு இதைவிடப் பொருத்தமான சொல்லை நான் கண்டதில்லை. ஆனால் எல்லா வாடிக்கையாளர்களுக்கும் அது தெரிந்திருக்காது என்பதால், ‘அன்பிளீச்டு காட்டன், எக்ரூ’ என்று இரண்டையும் சேர்த்துப் போடுங்கள். முதல் பகுதி பொருளைச் சொல்லும், இரண்டாவது நிறத்தைச் சொல்லும்.

‘பீஜ்’ என்பதும் ஒருகாலத்தில் சாயமிடாத கம்பளியைக் குறித்த பிரெஞ்சுச் சொல்தான். ஆனால் இன்று அந்தச் சொல்லைக் கேட்பவர் மணல் நிறத்தை நினைக்கிறார். உங்கள் வேட்டி அதைவிட வெளுப்பாக இருக்கும். ‘கிரீம்’ என்பதில் மஞ்சள் சாயல் கூடுதல். ‘ஐவரி’ தந்தத்தின் நிறம். கணினியின் நிறப் பட்டியலில் ஐவரி என்று தேர்ந்தெடுத்தால் ஏறக்குறைய வெள்ளையே வரும். என் வீட்டு முன்னறைச் சுவருக்கு நிற அட்டை பார்க்காமல் ‘ஐவரி’ என்று சொல்லிவிட்டு வந்து, இரண்டு ஆண்டுகளாக வெண்ணெய் நிறச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ‘ஆஃப் ஒயிட்’ என்பது இவை அனைத்துக்கும் பொதுவான குடை. பாதுகாப்பானது, அதனாலேயே எதையும் தெளிவாகச் சொல்லாதது. கணினிப் பட்டியலை நம்பிப் பெயரிடாதீர்கள் என்பதற்கு ஒரு வேடிக்கையான சான்றும் உண்டு: இணையப் பக்கங்களுக்கான நிறப் பெயர்களில், ‘டார்க் கிரே’ என்பது வெறும் ‘கிரே’ என்பதைவிட வெளிர்நிறமானது. வெவ்வேறு இடங்களில் பிறந்த இரு பட்டியல்களை ஒன்றாகச் சேர்த்ததால் வந்த கோளாறு அது.

கோராத் துணி துவைக்கத் துவைக்க வெளுத்துக்கொண்டே வரும் என்பதை விவரக் குறிப்பில் ஒரு வரியாக எழுதிவிடுங்கள். நமக்கு அது தெரிந்த செய்தி. வெளியூரில் வாங்குபவருக்கு அது நிறம் போன துணி.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கசவுக் கரையை, அதாவது சரிகைக் கரையை, ‘கோல்டு பார்டர்’ என்று மட்டும் எழுதினால், அது நிறமா உலோகமா என்று படிப்பவருக்குத் தெரியாது. பொன்முலாம் பூசிய வெள்ளிச் சரிகை என்றால் அதை அப்படியே எழுதி விலையையும் போடுங்கள். சாதாரணச் சரிகை என்றால் ‘கோல்டு கலர்டு’ என்று எழுதுவதே நேர்மை.

கேள்வி: மகளின் திருமண விளம்பரத்தில் மாநிறத்துக்கு ‘வீட்டிஷ்’ என்று எழுதுவது சரியான ஆங்கிலமா? (ஒரு தந்தை, சித்தூர், பாலக்காடு மாவட்டம்)

பதில்: இந்திய ஆங்கிலத்தில் சரி, வெளிநாட்டில் இருப்பவர்கள் அதைப் படித்தால் பெண் ஏதோ கோதுமைப் பண்டம் போலும் என்று விழிப்பார்கள். அந்த வரியை அடித்துவிட்டு, மகளின் படிப்பையும் வேலையையும் இன்னும் ஒரு வரி கூட்டி எழுதுங்கள் என்பதே என் விடை.

கேள்வி: ஆங்கில ஆசிரியையாக இருக்கிறேன். மாணவர்கள் கட்டுரையில் எல்லாச் சிவப்புக்கும் ‘ரெட்’ என்றே எழுதுகிறார்கள். ‘ஸ்கார்லெட்’, ‘கிரிம்சன்’, ‘மெரூன்’, ‘வெர்மிலியன்’ ஆகியவற்றை நம் ஊர்ப் பொருள்களைக் காட்டியே விளக்க முடியுமா? (ஒரு வாசகி, கொழிஞ்சாம்பாறை)

பதில்: தாராளமாக முடியும். கல்யாண முருங்கையின் பூவைப் பறித்து வரச் சொல்லுங்கள்: ஆரஞ்சுப் பக்கம் லேசாகச் சாய்ந்த அந்த எரியும் சிவப்பு ‘ஸ்கார்லெட்’. ஒரு மாதுளையை உடைத்து, நன்கு பழுத்த முத்துக்களைக் காட்டுங்கள்: நீலப் பக்கம் சாய்ந்த, ஆழமான சிவப்பு ‘கிரிம்சன்’. இரண்டையும் ஒரே வெள்ளைத் தாளில் அடுத்தடுத்து வைத்துவிட்டால் நீங்கள் விளக்க வேண்டியதே இல்லை. ‘மெரூன்’ பழுப்புப் பக்கம் சாய்ந்தது. கஷ்கொட்டையைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. கஷ்கொட்டையைப் பார்த்திராத நம் பிள்ளைகளுக்கு அரக்கு நிறச் சேலை போதும். அரக்கைப் பற்றி ஒரு செய்தியும் சொல்லலாம்: ஓவியர்கள் ‘கிரிம்சன் லேக்’ என்று சொல்லும் வண்ணத்தில் வரும் ‘லேக்’ ஏரியைக் குறிப்பதில்லை, அரக்கைக் குறிக்கும் லாட்சை என்ற வடசொல்லின் வழி வந்தது அது.

‘வெர்மிலியன்’ விஷயத்தில்தான் பிள்ளைகள் வழுக்குவார்கள், அகராதிகளும் கைகொடுப்பதில்லை. அது பாதரசமும் கந்தகமும் சேர்ந்த சாதிலிங்கத்தின் நிறம், ஆரஞ்சு கலந்த ஒளிமிக்க சிவப்பு. நம் வீட்டுக் குங்குமமோ மஞ்சளோடு சுண்ணாம்பு முதலியவை சேர்ந்து சிவப்பது. அது பெரும்பாலும் ‘டீப் ரெட்’. குங்குமச் சிவப்பு என்று வரும் இடத்தில் ‘கும்கும் ரெட்’ என்றே எழுதச் சொல்லுங்கள். குங்குமப்பூவை நினைத்துக்கொண்டு ‘சாஃப்ரன்’ என்று எழுதிவிட்டால், நெற்றியில் ஆரஞ்சு மஞ்சள் அப்பிவிடும்.

காவிக்கும் இதே சிக்கல். துறவியின் உடையைச் சொல்லும்போது ‘சாஃப்ரன்’ எனலாம். கோயில் மதிலில் வெள்ளைப் பட்டையோடு மாறி மாறி வரும் காவிப் பட்டை காவிக்கல்லின் நிறம். அதற்கு ‘ரெட் ஓக்கர்’ என்பதே பொருந்தும்.

கேள்வி: மயில்கழுத்து நிறத்துக்கு ‘பீக்காக் புளூ’ என்பது சரியா, ‘டீல்’ என்பது சரியா? என் அண்ணி கடையில் இருக்கும் பட்டுச் சேலையை ஆங்கிலத்தில் விவரிக்கச் சொன்னார். (ஒரு கல்லூரி மாணவி, புளியரை)

பதில்: இரண்டும் பாதிதான் சரி. ‘பீக்காக் புளூ’ ஒரே நிறம். ‘டீல்’ ஒரு வகை வாத்தின் கண்ணருகே உள்ள பட்டையின் பெயரால் வந்த, பச்சை கலந்த அடர்நீலம். அதுவும் ஒரே நிறம். உங்கள் அண்ணியின் பட்டில் பாவு (நீளவாட்டு நூல்), ஊடை (குறுக்கு நூல்) இரண்டில் ஒன்று நீலமாகவும் மற்றது பச்சையாகவும் இருக்கும். அதனால்தான் அசைக்கும்போதெல்லாம் நிறம் மாறுகிறது. இப்படி நெய்த பட்டுக்கு ஆங்கிலத்தில் ‘ஷாட் சில்க்’ என்று பெயர். ‘ஷாட் சில்க் இன் புளூ அண்ட் கிரீன்’ என்று எழுதுங்கள். எது பாவு, எது ஊடை என்பதை ஊகித்து எழுத வேண்டாம். முந்தானை ஓரத்தில் ஒரு நூலைப் பிரித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். படம் எடுக்கும்போது சேலையை மடித்து, சன்னல் வெளிச்சத்தில் இரண்டு கோணங்களில் இரண்டு படங்கள் எடுங்கள்; ஒன்றில் நீலம் முந்தும், இன்னொன்றில் பச்சை முந்தும்.