கஷ்டத்தின் நடுவே ஆண்டவருக்குத் தன்னை ஒப்புக்கொடுப்பது என்றால் என்ன?

மண்சரிவும் விலைவாசியும் வாட்டும்போதும் ஆண்டவரை நம்பி அடங்கியிருக்கச் சொல்கிறார்களே, அப்படியென்றால் எல்லாவற்றையும் வாய்மூடிப் பொறுத்துக்கொள்ள வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை என்பதே என் உறுதியான பதில்.

ஆபகூக் தீர்க்கதரிசியின் ஜெபம் முறையீட்டோடுதான் தொடங்குகிறது. எதுவரைக்கும் கூப்பிடுவேன், நீர் கேளாமலிருக்கிறீரே என்கிறார். அவரே மூன்றாம் அதிகாரத்தில், அத்திமரம் துளிர்க்காமலும் வயல் விளையாமலும் தொழுவத்தில் மாடில்லாமலும் போனாலும் கர்த்தருக்குள் மகிழ்வேன் என்கிறார். இடையில் அவருடைய நிலைமை மாறிவிடவில்லை. பாபிலோனியரின் படையெடுப்பு இனிமேல்தான் வரவிருந்தது. பறித்த தேயிலைக் கொழுந்தின் நிறை குறைந்து அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) விழுந்த நாளின் மாலையிலும், லயத்துக் காம்பராவில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசைவீட்டு அறையில், விளக்கேற்றி, மனக்குறையை மறைக்காமல் ஜெபிக்கிற தாய்மார் அந்த விசுவாசத்தில்தான் நிற்கிறார்கள். சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில் இயேசுவும், இந்தத் துன்பத்தின் பாத்திரம் நீங்கட்டும் என்று கேட்ட பிறகே பிதாவின் சித்தத்துக்குத் தம்மை ஒப்புக்கொடுத்தார்.

2014 அக்டோபர் 29 அன்று இலங்கை மலையகத்தின் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவால் லயங்கள் மண்ணுக்குள் புதைந்தன. அப்படிப்பட்ட இழப்பில் இருப்பவரிடம் “எல்லாம் தேவசித்தம்” என்று அவசரமாகச் சொல்வது தவறு. பிள்ளைகளையும் உடைமைகளையும் இழந்த யோபுவுக்கு, அவருடைய துன்பத்துக்கு விளக்கம் சொல்லவந்த நண்பர்களைத் தேவனே கடிந்துகொண்டார்.

மண்சரிவு எச்சரிக்கை வந்ததும் வெளியேறுவதும், பாதுகாப்பான காணி கேட்டுப் போராடுவதும் அவிசுவாசமல்ல. எருசலேமின் மதிலைக் கட்டிய நெகேமியா, பகைவர் மிரட்டியபோது ஜெபமும் செய்தார், இரவும் பகலும் காவலும் வைத்தார்.