பெண்களுக்கென்று தனியாக டீச்சர் டிரெயினிங் பள்ளியை மிஷன்காரர்கள் ஏன் தொடங்கினார்கள்? பாளையங்கோட்டை சாராள் தக்கர் கல்லூரி அப்படி வந்ததுதானா?

ஆமாம், அப்படி வந்ததுதான். கல்லூரி பின்னால் வந்தது, டிரெயினிங் பள்ளிதான் மூத்தது. 'ஏன்' என்ற கேள்விக்கு எங்கள் ஊரிலேயே பதில் இருப்பதால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

சாயல்குடிக்குத் தெற்கே, பனங்காட்டுக்கும் கடலுக்கும் நடுவில் எங்கள் ஊர். பாதி வீடு கடலுக்குப் போகும், பாதி வீடு பனை ஏறும். பதநீர்க் காலம் வந்துவிட்டால் பெண்பிள்ளைகள் பதநீர் காய்ச்சும் குடிசையான விடிலியில் அடுப்பெரிக்கவும் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளவும் போய்விடுவார்கள். போகாத பிள்ளைகளும் நாலாம் வகுப்போடு நின்றுவிடும். பள்ளியில் இருந்த இரண்டு பேருமே ஆண் வாத்தியார்கள். "வயசுக்கு வரப்போற புள்ளைய அங்க எதுக்கு விடணும்?" என்பார் என் அப்பத்தா. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பள்ளியில் ஒதுங்குவதற்குக்கூட ஒரு மறைப்பு கிடையாது.

நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது, பாளையங்கோட்டையில் டிரெயினிங் முடித்த ஒரு டீச்சர் எங்கள் பள்ளிக்கு வந்தார். முதல் வாரமே வீடு வீடாக ஏறி இறங்கினார். எங்கள் திண்ணையில் உட்கார்ந்து அப்பத்தாவிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தார். "பொம்பள டீச்சரா? அப்பச் சரி" என்றார் அப்பத்தா. அவ்வளவுதான், என் படிப்பு நிற்கவில்லை.

அவர் கணக்கு சொல்லிக்கொடுத்த விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. கடற்கரையில் பொறுக்கிய சோழிகளில் ஓட்டை போட்டு, பத்துப் பத்தாகத் தங்கூஸ் நரம்பில் கோத்து வைத்திருப்பார். இருபத்து மூன்று என்றால் இரண்டு சரமும் மூன்று உதிரிச் சோழியும். "இதுல ஏழு எடு" என்று கையில் கொடுப்பார். உதிரியில் மூன்றுதான் இருக்கும். ஒரு சரத்தின் முடிச்சை அவிழ்த்தால்தான் ஏழு எடுக்க முடியும். கடன் வாங்கிக் கழிப்பது என்றால் என்ன என்று எனக்கு விரலில்தான் புரிந்தது. துணைக்கருவியைக் கடையில் வாங்காதே, ஊரில் தேடு என்று டிரெயினிங்கில் சொல்லித்தந்ததாகச் சொல்வார்.

இனி வரலாறு. என் அப்பத்தா சொன்ன அதே காரணம் 19ஆம் நூற்றாண்டில் இன்னும் பலமாக இருந்தது. சர்ச் மிஷன் சங்கம் என்ற இங்கிலாந்து மிஷன் அமைப்பின் மிஷனரி ரேனியஸ் 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த பிறகு அந்தப் பகுதியில் அந்தச் சங்கத்தின் பள்ளிகள் பெருகின. ஆனால் பள்ளி திறந்தால் போதுமா? பெண் சொல்லிக்கொடுத்தால்தான் பெண்ணை அனுப்புவார்கள்; சொல்லிக்கொடுக்கப் படித்த பெண் வேண்டும். இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் டிரெயினிங் பள்ளி. 1854இல் ஆங்கில அரசின் கல்விக் கொள்கையாக வந்த உட் அறிக்கையும் ஆசிரியர் பயிற்சி, பெண்கல்வி, தனியார் பள்ளிகளுக்கு அரசு மானியம் மூன்றையும் வலியுறுத்தியது. 1858இல், இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கும் கடாட்சபுரம் என்ற சிற்றூரில், சாராள் தக்கர் பெயரில் பெண்களுக்கான பயிற்சிப் பள்ளி தொடங்கியது. பிறகு அது பாளையங்கோட்டைக்கு மாறியது. 1895இல் கல்லூரி வகுப்பு வந்தது.

இங்கிலாந்துப் பெண்மணியான சாராள் தக்கர் இந்த மண்ணில் கால் வைத்ததே இல்லை. அவருடைய சகோதரர் ஜான் தக்கர் சென்னையில் சர்ச் மிஷன் சங்கத்தின் செயலாளராக இருந்தார். அவர் வழியாகத் தெரிந்துகொண்ட தென்னிந்தியப் பெண்களின் நிலை அந்த அம்மாளின் மனதைப் பிடித்துக்கொண்டது. அதனால்தான் பள்ளிக்கு அவர் பெயர்.

மிஷன்காரர்களுக்கு மதம் பரப்பும் நோக்கமும் இருந்தது, ஊர்ச் சபைகளில் மதம் போதிக்கும் உபதேசியார்களுக்குப் படித்த மனைவி வேண்டும் என்ற எண்ணமும் இருந்தது. அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் கையில் சான்றிதழோடு, மாதச் சம்பளத்தோடு ஒரு கிராமத்துப் பெண் தனியாக வேற்றூருக்கு வேலைக்குப் போக முடியும் என்று அந்தப் பள்ளி காட்டியது. எனக்கு அதுதான் பெரிது.

அங்கிருந்து வேறு கிளைகளும் விட்டன. சாராள் தக்கரில் பணிசெய்த ஆஸ்க்வித் அம்மையார்தான் 1890இல் பாளையங்கோட்டையில் பார்வையற்றோருக்குக் கற்பிக்கத் தொடங்கியவர். காது கேளாதோருக்கான பள்ளி 1897இல் புளோரன்ஸ் சுவைன்சன் அம்மையாரால் வந்தது. கத்தோலிக்கர் பக்கம், 1897இல் பெல்ஜியத்திலிருந்து குமரி மாவட்ட முளகுமூட்டுக்கு வந்த அன்னை டி மீஸ்டர் தொடங்கிய சபையின் சகோதரிகள், 1957இல் அதே பாளையங்கோட்டையில் பெண்களுக்காகப் புனித இஞ்ஞாசியார் கல்வியியல் கல்லூரியைத் தொடங்கினார்கள். எங்கள் கடற்கரையில் கத்தோலிக்கக் குடும்பங்கள் அதிகம் என்பதால், பி.எட். என்றாலே பலருக்கு முதலில் நினைவு வருவது அதுதான்.

நானும் பிளஸ் டூ முடித்துவிட்டு டிரங்குப் பெட்டியோடு தூத்துக்குடி வழியாகப் பாளையங்கோட்டைக்கு பஸ் ஏறினேன். இரண்டு வருட டிரெயினிங். ராத்திரி விளக்கணைக்கும்வரை பாடக்குறிப்பு எழுதுவோம், பகலில் மாதிரிப் பள்ளியில் பாடம் எடுப்போம். கிரிட்டிசிசம் கிளாஸ் அன்று கை நடுங்கும். பின்பெஞ்சில் உட்கார்ந்து தோழிகளே நம் குறையை எழுதிக்கொண்டிருப்பார்கள். "கரும்பலகையைப் பார்த்துப் பேசுகிறாய், பிள்ளைகளைப் பார்" என்று ஒருத்தி எனக்கு எழுதினாள். இன்றுவரை வகுப்பில் அது ஞாபகம் வரும்.

எங்கள் ஊர்ப் பள்ளியில் என் வகுப்பில் படித்த பெண்களில் மூன்று பேர் டீச்சரானோம். எனக்கு முதல் வேலை கிடைத்ததும் கடற்கரை ஊரில்தான். சேர்ந்த அன்று சாயங்காலம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சோழி பொறுக்கப் போனேன்.