பிழை அறிக்கையை அணைப்பதா, வைப்பதா? மதுரை வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி (திருமங்கலம், கல்லூரி மாணவி): அண்ணே, புராஜெக்ட் டைப் செய்யும்போது வேர்டு அடிக்கடி நின்றுவிடுகிறது. அந்த நேரம் டாஸ்க் மேனேஜரில் 'வெர்ஃபால்ட்' என்று ஒன்று ஓடுகிறது. வைரஸா?

பதில்: பயப்படாதே தங்கச்சி. ஒரு புரோகிராம் விழுந்தால், அதாவது திடீரென்று நின்றுபோனால், எது விழுந்தது, ஏன் விழுந்தது என்று குறித்துவைக்கும் விண்டோஸின் சொந்த வேலையாள் அது. அந்தக் குறிப்பைத்தான் பிழை அறிக்கை (எரர் ரிப்போர்ட்) என்கிறோம்; அது மைக்ரோசாஃப்ட்டுக்கும் போகலாம். சந்தேகமிருந்தால் அதன்மேல் ரைட் கிளிக் செய்து, ஃபைல் இருக்கும் இடத்தைத் திறந்து பார். விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32 அல்லது சிஸ்வவ்64-இல் இருந்தால் அசல்தான். வேறெங்காவது இருந்தால் உடனே வைரஸ் ஸ்கேன் போடு.

அப்புறம், ஸ்டார்ட் மெனுவில் 'ரிலையபிலிட்டி' என்று ஆங்கிலத்தில் தட்டினால் நாள்வாரியாக ஒரு படம் வரும். வேர்டு நின்ற நாளில் சிவப்புக் குறி இருக்கும். அதன் டெக்னிக்கல் விவரத்தில் 'ஃபால்ட் மாட்யூல்' (கோளாறு வந்த பகுதி) என்ற வரியைப் படி. அங்கே பிரிண்டர் டிரைவரோ, தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேரோ, வேர்டில் சேர்த்த ஆட்-இன்னோ பெயர் காட்டினால், முதலில் அதை அப்டேட் செய்து பார். வேர்டையே அழித்துத் திரும்பப் போடுவதெல்லாம் கடைசியில்தான்.

கேள்வி (ஒத்தக்கடை, வக்கீல் அலுவலகக் குமாஸ்தா): சார், கட்சிக்காரர்களின் ஆவணங்கள் எங்கள் சிஸ்டத்தில் இருக்கின்றன. பிழை அறிக்கையோடு அவையும் வெளியே போய்விடுமா?

பதில்: நீங்கள் கவலைப்படுவது நியாயம். அறிக்கையில் பெரும்பாலும் புரோகிராமின் பெயர், வெர்ஷன், விழுந்த இடம் இவைதான் இருக்கும். ஆனால் விழுந்த நொடியில் மெமரியில் இருந்ததும் சேர்ந்து போனால், அப்போது திறந்திருந்த ஃபைலின் ஒரு பகுதி அதில் அகப்பட்டுக்கொள்ளலாம். மைக்ரோசாஃப்ட்டே இதைச் சொல்லியிருக்கிறது. அது 'ஆப்ஷனல்', அதாவது நாம் விரும்பினால் மட்டும் அனுப்பும் தகவலில்தான் சேரும். விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ் போய், பிரைவசி அண்டு செக்யூரிட்டி, அதற்குள் டயக்னாஸ்டிக்ஸ் அண்டு ஃபீட்பேக் திறந்து, ஆப்ஷனல் டேட்டா அனுப்புவதை அணைத்துவிடுங்கள். உங்களைப் போன்ற அலுவலகத்துக்கு இதைக் கட்டாயம் என்றே சொல்வேன்.

முழுக்கவே அனுப்பக்கூடாது என்றால், புரோ எடிஷனில் குரூப் பாலிசி எடிட்டரில் 'டிசேபிள் விண்டோஸ் எரர் ரிப்போர்ட்டிங்' என்று ஒரு பாலிசி உண்டு. அதை எனேபிள் செய்யுங்கள். ஹோம் எடிஷனில் அந்த எடிட்டர் கிடையாது. சிலர் விண்டோஸ் எரர் ரிப்போர்ட்டிங் சர்வீஸையே நிறுத்தச் சொல்வார்கள், நான் சொல்லமாட்டேன். கோளாறைக் கண்டுபிடிக்க உதவும் லாக்குகளை உருவாக்குவதிலும் அந்த சர்வீஸுக்குப் பங்கு இருக்கிறது. வெளியே அனுப்புவது வேறு, உள்ளே குறித்துவைப்பது வேறு. முன்னதை நிறுத்துங்கள், பின்னதைத் தொடாதீர்கள். குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டும் தனித்தனியாகக் கிராஷ் அறிக்கை அனுப்பும். அவற்றின் செட்டிங்ஸையும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி (டவுன்ஹால் ரோடு, ஜெராக்ஸ் கடை): சி டிரைவ் நிறைந்துவிட்டது. பழைய எரர் ரிப்போர்ட்டுகளை அழிக்கலாமா?

பதில்: தாராளமாக. டிஸ்க் கிளீனப்பைத் திறந்து, சிஸ்டம் ஃபைல்களையும் சேர்த்துத் தேடச் சொன்னால் அவை பட்டியலில் வரும். கோளாறு ஏதும் தீராமல் இருந்தால் மட்டும் அதைச் சரிசெய்த பிறகு அழியுங்கள்.

கேள்வி (மேலூர்): அண்ணே, சிஸ்டம் திடீரென்று அணைந்து தானே திரும்ப வருகிறது. நீலத் திரை வருவதில்லை, எந்த அறிக்கையும் இல்லை. ஈவென்ட் வியூவரில் (விண்டோஸ் நடந்ததையெல்லாம் பதிந்துவைக்கும் இடம்) 'கெர்னல்-பவர் 41' மட்டும் இருக்கிறது.

பதில்: முறையாக ஷட்டவுன் ஆகாமல் சிஸ்டம் மறுபடி எழுந்தது என்பதற்கு மேல் 41 எதையும் சொல்லாது. அந்தப் பதிவின் விவரத்தில் 'பக்செக் கோட்' (நீலத் திரைக் கோளாறின் எண்) பூஜ்யமா என்று பாருங்கள். பூஜ்யம் என்றால் விண்டோஸுக்குக் குறிப்பெழுதவே நேரம் கிடைக்கவில்லை. கரண்ட் பக்கம் சந்தேகப்படுங்கள். யுபிஎஸ் பேட்டரி பழசா? கரண்ட் போகிற நேரமும் சிஸ்டம் அணைகிற நேரமும் ஒன்றா? மோட்டார் போடும்போது வோல்டேஜ் விழுகிறதா? இல்லையென்றால் எஸ்எம்பிஎஸ் (சிஸ்டத்துக்குள் கரண்ட் கொடுக்கும் பெட்டி), அடுத்து சூடு. சித்திரை, வைகாசி வெயிலில் ஃபேனில் தூசி அடைந்திருந்தாலே போதும், சிஸ்டம் படுத்துவிடும். இவற்றைப் பார்க்காமல் விண்டோஸை மாற்றிப்போட்டால் காசுதான் வீண்.

கேள்வி (கே.கே.நகர், ஓய்வுபெற்ற ஆசிரியர்): 'உங்கள் கம்ப்யூட்டரிலிருந்து பிழை அறிக்கை வந்தது, சரிசெய்கிறோம்' என்று ஒருவர் போன் செய்தார். நம்பலாமா?

பதில்: நம்பவே நம்பாதீர்கள் ஐயா. அறிக்கையைப் பார்த்துவிட்டு மைக்ரோசாஃப்ட் யாரையும் தானாகக் கூப்பிடுவதில்லை. திரையில் வரும் அவர்களின் பிழைச் செய்தியிலும் போன் நம்பர் இருக்காது. ஈவென்ட் வியூவரைத் திறக்கச் சொல்லி, சிவப்புக் குறிகளைக் காட்டிப் பயமுறுத்துவார்கள். நன்றாக ஓடும் சிஸ்டத்திலும் அவை நிறைய இருக்கும். உங்கள் சிஸ்டத்தை அவர்கள் தூரத்திலிருந்து இயக்கவைக்கும் ரிமோட் ஆப் எதையும் போடாதீர்கள். பணம் ஏற்கெனவே போயிருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் பேசுங்கள், பேங்குக்கும் சொல்லுங்கள்.

கேள்வி (பழங்காநத்தம்): அனுப்பினால் யாராவது பார்க்கிறார்களா?

பதில்: ஒவ்வொன்றாகப் பார்ப்பதில்லை. ஒரே காரணத்தால் விழுந்தவற்றை ஒரு கூட்டமாகச் சேர்த்து, பெரிய கூட்டத்தை முதலில் கவனிப்பார்கள். மொத்தப் பிழைகளில் பாதிக்கு 1 சதவீதக் குறைபாடுகளே காரணம் என்பது இப்படித்தான் தெரியவந்தது. மைக்ரோசாஃப்ட்டின் அப்போதைய தலைமை நிர்வாகி ஸ்டீவ் பால்மர் 2002-இல் இதைச் சொன்னார். ரகசியம் எதுவும் இல்லாத வீட்டு சிஸ்டம் என்றால் நான் அனுப்பச் சொல்வேன். உங்களுக்கு இருக்கும் அதே பிரிண்டரால் அவதிப்படும் எல்லாருக்கும் அது உதவும்.

கேள்வி (உசிலம்பட்டி): உபுண்டு வைத்திருக்கிறேன். எனக்கு?

பதில்: அங்கே 'அப்போர்ட்' அந்த வேலையைச் செய்கிறது. பிரைவசி செட்டிங்ஸில் டயக்னாஸ்டிக்ஸ் பகுதியில், அனுப்பவே வேண்டாம் என்றோ, ஒவ்வொரு முறையும் கேட்டு அனுப்பு என்றோ வைத்துக்கொள்ளலாம். கேட்டு அனுப்புவதையே வையுங்கள்.