ஜாரை மட்டும் மாற்றினால் போதுமா?

வாசகர் கேள்வி: ஸ்பார்க் (பெரிய தரவைப் பல மெஷின்களில் பிரித்துக் கணக்கிடும் மென்பொருள்) 3.2 வைத்திருக்கிறோம். இரவில் பேட்ச் வேலைகள், கூடவே நிற்காமல் ஓடும் ஒரு ஸ்ட்ரீமிங் வேலை. எல்லாமே குபர்னெட்டிஸ் (பல மெஷின்களில் கன்டெய்னர்களை ஓட்டி நிர்வகிக்கும் அமைப்பு) மேல். பிளாட்ஃபார்ம் டீம் அடுத்த மாதம் குபர்னெட்டிஸை இரண்டு பதிப்பு மேலே ஏற்றப் போகிறார்கள். செக்யூரிட்டி ஸ்கேனும் குபர்னெட்டிஸ் கிளையண்ட் ஜாரை (ஸ்பார்க் குபர்னெட்டிஸோடு பேசப் பயன்படுத்தும் ஜாவா நூலகக் கோப்பு) சிவப்பில் காட்டுகிறது. ஸ்பார்க்கையே மாற்ற இப்போது நேரமில்லை. ஜார்ஸ் ஃபோல்டரில் அந்த ஒரு ஜாரை மட்டும் புதிதாகப் போட்டுவிடலாமா?

போடாதீர்கள். அப்படிப் போட்டால் ஒன்று உடனே உடையும், இல்லையென்றால் பிறகு உடையும். உடனே உடைந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம்.

ஸ்பார்க் 3.2-உடன் வருவது ஃபேப்ரிக்8 என்ற குபர்னெட்டிஸ் கிளையண்டின் 5.4.1. ஸ்பார்க் 3.3-இல் 5.12.2, 3.4-இல் 6.4.1, 3.5-இல் 6.7.2. இது ஒற்றை ஜார் அல்ல, ஒரு குடும்பமே கூட வருகிறது: பாட் (குபர்னெட்டிஸ் ஓட்டும் அடிப்படை அலகு, உள்ளே கன்டெய்னர் இருக்கும்), சர்வீஸ் முதலானவற்றை விவரிக்கும் மாடல் ஜார்கள், எச்டிடிபி பேச ஓகேஎச்டிடிபியும் ஓகேஐஓவும், யாமல் படிக்க ஸ்னேக்யாமலும் ஜாக்சனும். போதாக்குறைக்கு 6-ஆம் பதிப்பில் கிளையண்டையே பிரித்துவிட்டார்கள். ஏபிஐ ஒரு ஜாரில், அதன் செயலாக்கம் இன்னொன்றில், எச்டிடிபி பகுதி மூன்றாவதில். பழைய பெயரிலேயே இருக்கும் ஜாரை மட்டும் 6-க்கு மாற்றினால் ஏபிஐ இல்லாத பாதி கிளையண்ட்தான் கையில் இருக்கும். டிரைவர் (வேலையை நடத்தும் தலைமை ப்ராசஸ்) எழும்போதே கிளாஸ் கிடைக்கவில்லை என்று விழும்.

சரி, குடும்பத்தையே மாற்றுகிறேன் என்பீர்கள். ஆபத்து அங்கேதான். உங்கள் ஸ்பார்க் 5.4.1-ஐ எதிரே வைத்துக் கம்பைல் செய்யப்பட்டது. எந்த கிளாஸில் எந்த மெத்தட், அது என்ன வகையைத் திருப்பித் தரும் என்பதெல்லாம் பைட்கோடில் பதிந்திருக்கிறது. ஆனால் ஜேவிஎம் அதை ஆரம்பத்திலேயே சரிபார்ப்பதில்லை. ஒரு மெத்தட்டை முதல் தடவை கூப்பிடும்போதுதான் தேடிப் பார்க்கும். அதனால் டிரைவர் எழும், எக்ஸிக்யூட்டர்கள் (கணக்கைப் பங்கிட்டுச் செய்யும் ப்ராசஸ்கள்) வரும், பை (π) கணக்கிடும் சாம்பிள் வேலை முடிந்து மதிப்பும் அச்சாகும். பத்து நாள் கழித்து ஒரு நோடு செத்து, இழந்த எக்ஸிக்யூட்டர் பாடை டிரைவர் அழிக்கப் போகும் அந்த நேரத்தில்தான் "அப்படி ஒரு மெத்தட் இல்லை" என்று வரும். டெஸ்டில் யாரும் தொடாத பாதை அது.

இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. இந்தக் கிளையண்டை யார் பயன்படுத்துகிறார்கள்? எக்ஸிக்யூட்டர்கள் அல்ல, அவை குபர்னெட்டிஸின் ஏபிஐ சர்வரிடம் பேசுவதில்லை. வேலையைச் சமர்ப்பிக்கும் இடம் டிரைவர் பாடை உருவாக்க ஏபிஐ சர்வரிடம் பேசுகிறது. டிரைவர் எக்ஸிக்யூட்டர்களை உருவாக்கவும் கவனிக்கவும் பேசுகிறது. ஆகவே சமர்ப்பிக்கும் மெஷின், டிரைவர் இமேஜ் என்று குறைந்தது இரண்டு இடத்தில் இந்த ஜார்கள் இருக்கின்றன. ஸ்பார்க் ஆபரேட்டர் (ஸ்பார்க் வேலைகளைக் குபர்னெட்டிஸில் தானாகச் சமர்ப்பித்துக் கவனிக்கும் கருவி) வைத்திருந்தால் மூன்று. ஆபரேட்டர் கோ மொழியில் எழுதப்பட்டதுதான், ஆனால் வேலையைச் சமர்ப்பிக்க அதன் இமேஜுக்குள் தனியாக ஒரு ஸ்பார்க் உட்கார்ந்திருக்கிறது. டிரைவர் இமேஜை மட்டும் மாற்றிவிட்டு "ஏன் இன்னும் பழைய பிழையே வருகிறது" என்று குழம்புகிறவர்கள் முதலில் அங்கே பாருங்கள்.

குபர்னெட்டிஸ் ஏறினால் ஸ்பார்க் உடையுமா என்பது தனிக் கேள்வி. ஸ்பார்க் தொடுவது பெரும்பாலும் பாட், சர்வீஸ், கான்ஃபிக்மேப் (அமைப்பு விவரங்கள்), பிவிசி (சேமிப்பிடக் கோரிக்கை). எல்லாம் வி1, பல வருடமாக அசையாமல் நிற்பவை. குபர்னெட்டிஸ் 1.22-இல் பழைய இங்கிரஸ் (வெளியிலிருந்து வரும் வெப் அழைப்பை உள்ளே அனுப்பும் பொருள்) பீட்டா போனதும், 1.25-இல் கிரான்ஜாப் பீட்டா போனதும் ஸ்பார்க்கின் மையத்தைத் தொடவில்லை. (பழைய ஆபரேட்டர் வழியாக யூஐக்கு இங்கிரஸ் போட்டிருந்தால் அது வேறு கதை.) என் அனுபவத்தில் உடைவது பொருள்களின் வடிவம் அல்ல, பேச்சின் சின்னச் சின்ன வழக்கங்கள்தான்.

2019 ஆகஸ்ட்டில் நடந்ததைப் பாருங்கள். குபர்னெட்டிஸ் 1.13.10, 1.14.6, 1.15.3 வந்தன. மூன்றாவது எண் மட்டுமே மாறிய பேட்ச் வெளியீடுகள். யாரும் பயப்படமாட்டார்கள். ஆனால் அவற்றுக்கு ஏறிய இடங்களில் ஸ்பார்க் 2.4 வேலைகள் வரிசையாக விழுந்தன. லாகில் "101 எதிர்பார்த்தேன், 403 வந்தது" என்ற பொருளில் ஒரு வரி. 403 (அனுமதி மறுப்பு) என்றதும் எல்லோரும் ரோல், சர்வீஸ் அக்கவுண்ட், அனுமதி என்று தேடினார்கள். அனுமதியில் பிழையே இல்லை. பாட்களைக் கவனிக்க கிளையண்ட் ஒரு வெப்சாக்கெட் திறக்கும். அப்போது ஆரிஜின் ஹெடரில் ஹோஸ்ட் பெயர், பக்கத்தில் போர்ட் எண் எழுதி அனுப்பும். யூஆர்எல்லில் போர்ட் குறிப்பிடாவிட்டால் ஜாவா அதற்கு -1 என்று தரும். கிளையண்ட் அந்த -1-ஐ அப்படியே எழுதி அனுப்பிக்கொண்டிருந்தது. கோ மொழியின் பழைய யூஆர்எல் பார்சர் அதைக் கண்டுகொள்ளவில்லை. பாதுகாப்புத் திருத்தத்துக்குப் பின் கோ கறாரானது. புதிய கோவில் கட்டிய ஏபிஐ சர்வர் இணைப்பை மறுத்தது. கிளையண்ட் 4.4.2-இல் சரிசெய்தார்கள், ஸ்பார்க் பக்கம் 2.4.5-லும் 3.0-லும் அந்தத் திருத்தம் வந்தது. இடைப்பட்ட மாதங்களில் பலர் ஜாரைக் கையால் மாற்றித்தான் ஓட்டினார்கள். ஆகவே ஜார் மாற்றவே கூடாது என்று சொல்லவில்லை. அது 4-க்குள்ளேயே நடந்த சின்ன நகர்வு, அதையும் மாடல் ஜார்களோடு சேர்த்தே செய்தார்கள். நீங்கள் கேட்பது போல 5-லிருந்து 6-க்குத் தாவவில்லை.

ஜாவாவை மட்டும் ஏற்றியும் இதே கிளையண்ட் உடைந்ததுண்டு. ஜாவா 8-இன் 251 முதலான அப்டேட்களில் பழைய ஓகேஎச்டிடிபி தடுமாறியது. எச்டிடிபி2-ஐ அணைக்கும் என்விரான்மென்ட் வேரியபிளைச் சமர்ப்பிக்கும் இடத்திலும் டிரைவரிலும் வைக்கச் சொல்லி ஸ்பார்க் ஆவணத்திலேயே எழுத வேண்டியதாயிற்று. பேஸ் இமேஜை மாற்றும்போது இதையும் நினைவில் வையுங்கள்.

இனி என்ன செய்யலாம். ஸ்பார்க் 3.5-க்குப் போங்கள், 4.0-க்கு இப்போது வேண்டாம். 3.5-இல் ஸ்காலா 2.12, ஜாவா 8, 11 எல்லாம் அப்படியே ஓடும். உங்கள் ஜார்களைப் பெரிதாகத் திருத்த வேண்டியிருக்காது. 4.0-இல் ஸ்காலா 2.12 இல்லை, ஜாவா 17-க்குக் கீழே ஓடாது, எஸ்க்யூஎல்லில் ஆன்சி முறை (தரநிலைப்படி கறாரான விதிகள்) தானாகவே இயங்கும். அது தனி ப்ராஜெக்ட். (இதைப் படிப்பவர்களில் குபர்னெட்டிஸுக்குப் பதில் மீசோஸ் மேல் ஓட்டுகிறவர் யாராவது மிச்சமிருந்தால்: 3.2-லேயே கைவிடுவதாக அறிவித்து, 4.0-இல் அந்தப் பகுதியையே எடுத்துவிட்டார்கள். உங்களுக்கு 3.5 தான் கடைசி நிறுத்தம்.)

முதலில் இப்போதுள்ள குபர்னெட்டிஸ் மேல் 3.5-ஐ ஒரு வாரம் ஓட்டுங்கள். அதற்குப் பிறகு பிளாட்ஃபார்ம் டீம் கிளஸ்டரை ஏற்றட்டும். இரண்டையும் ஒரே இரவில் செய்தால், விழுந்தது எதனால் என்று யாராலும் சொல்ல முடியாது. 3.5-க்கு நேரமே கிடைக்காது என்றால், கிளையண்ட் பதிப்பை ஸ்பார்க்கின் போம் கோப்பில் (எந்த நூலகம் எந்தப் பதிப்பு என்று சொல்லும் பில்ட் கோப்பு) மாற்றி மூலத்திலிருந்து கட்டுங்கள், 5-க்குள்ளேயே நில்லுங்கள். கம்பைலர் கத்தினால் அது உங்கள் நன்மைக்குத்தான். ஃபோல்டரில் ஜார் மாற்றினால் அந்தச் சத்தமே கேட்காது.

டெஸ்டில் பை கணக்குப் போட்டுத் திருப்திப்படாதீர்கள். கைண்ட் (kind) என்ற கருவியால் உங்கள் மெஷினிலேயே புதிய குபர்னெட்டிஸ் பதிப்பை எழுப்பி, ஓடும் வேலையின் நடுவில் ஓர் எக்ஸிக்யூட்டர் பாடைக் கையால் அழியுங்கள். மாற்று வருகிறதா பாருங்கள். டைனமிக் அலோகேஷனில் எக்ஸிக்யூட்டர்களின் எண்ணிக்கை ஏறி இறங்கட்டும். பாட் டெம்ப்ளேட் (பாட் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் யாமல் கோப்பு) பயன்படுத்தினால் அதோடும் ஓட்டுங்கள்.

டெம்ப்ளேட் என்றதும் ஸ்கேனின் சிவப்புக்கு வருகிறேன். 5.4.1-க்குப் பொருந்துவது பெரும்பாலும் சிவிஇ-2021-4178 (சிவிஇ என்பது பாதுகாப்பு ஓட்டைகளுக்குத் தரும் பொது எண்): கிளையண்ட் யாமல் படிக்கும் முறையில் இருந்த ஓட்டை. ஸ்பார்க் அந்த வழியில் வெளியிலிருந்து யாமல் படிப்பது பாட் டெம்ப்ளேட் கோப்பில்தான். அந்தக் கோப்பை உங்கள் டீம் மட்டுமே எழுதுகிறது என்றால், செக்யூரிட்டி டீமிடம் அதைச் சொல்லி ஒரு மாதம் அவகாசம் கேட்கலாம்; நியாயமான கோரிக்கைதான். யார் வேண்டுமானாலும் டெம்ப்ளேட் கொடுத்து வேலை சமர்ப்பிக்கும் அமைப்பு என்றால் அவகாசம் கேட்காதீர்கள்.

கடைசியாக, அந்த ஸ்ட்ரீமிங் வேலை. குபர்னெட்டிஸ் 1.21-லிருந்து, ஏபிஐ சர்வரிடம் தன்னை அடையாளம் காட்டப் பாடுக்குக் கிடைக்கும் டோக்கன் காலாவதியாகும் வகை. கணக்குப்படி ஒரு மணி நேரம். பழைய கிளையண்ட்களுக்குச் சலுகையாக அதை ஒரு வருடம் வரை ஏற்றுக்கொள்கிறார்கள், அமேசானின் இகேஎஸ்ஸில் 90 நாள். டோக்கனை ஆரம்பத்தில் ஒரு முறை மட்டும் படித்து வைத்துக்கொள்ளும் டிரைவர், சலுகை முடியும் நாளில் 401 (அடையாளம் ஏற்கப்படவில்லை) வாங்கும். இது எந்த டெஸ்டிலும் தெரியாது, யாரும் மூன்று மாதம் டெஸ்ட் ஓட்டுவதில்லை. ஏபிஐ சர்வரின் ஆடிட் லாகில் பழைய டோக்கன் வந்தது என்று ஒரு குறிப்பு பதிவாகும். உங்கள் ஸ்ட்ரீமிங் டிரைவரின் சர்வீஸ் அக்கவுண்ட் பெயர் அதில் வருகிறதா என்று பிளாட்ஃபார்ம் டீமிடம் இன்றே தேடச் சொல்லுங்கள். வந்தால், 3.5-க்கு மாறும்வரை அந்த வேலையை மாதம் ஒரு முறையாவது நிறுத்தித் தொடங்குங்கள். நிறுத்திய பின் செக்பாயிண்ட் ஃபோல்டரின் (வேலை எதுவரை முடிந்தது என்ற குறிப்பு இருக்கும் இடம்) நகல் ஒன்றை எடுத்து வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.