திரைக்குள் ஒளிந்த குமிழ்

கேள்வி: புதிதாக வாங்கிய காரில் ஏசியைக் குறைக்கக்கூடத் தொடுதிரையைத்தான் தடவ வேண்டியிருக்கிறது. விடியற்காலையில் பாம்பன் சாலைப் பாலத்தில் முன்கண்ணாடி மங்கியபோது திணறிப்போனேன். குறை என்னுடையதா, காருடையதா?
- வாசகர், மண்டபம்

பதில்: காருடையதுதான். பழைய கார்களின் திருகு குமிழை விரல் தானாகவே கண்டுபிடித்துவிடும். எவ்வளவு திரும்பியது என்பதை 'டக்' என்ற சிறு தடங்கலே சொல்லிவிடும். வழவழப்பான திரையிலோ கண் வைத்த பிறகே கை வைக்க முடியும். கடற்காற்றில் பிசுபிசுத்த விரலை அது சில வேளைகளில் பொருட்படுத்துவதும் இல்லை. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடுவதால், வேடிக்கை பார்ப்பவர்கள் வண்டியை ஓரங்கட்டி நிற்கும் அந்தப் பாலத்தில் இரண்டு நொடி திரையைத் துழாவுவது, 33 மீட்டருக்கும் மேல் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவதற்குச் சமம்.

பல பொத்தான்களைச் செய்து பொருத்துவதைவிட ஒரே திரைக்குள் எல்லாவற்றையும் அடைத்துவிடுவது உற்பத்தியாளருக்கு மலிவு. நவீனம் என்ற பெயரும் கிடைக்கிறது. கார்களின் பாதுகாப்பைச் சோதித்து மதிப்பெண் தரும் ஐரோப்பாவின் யூரோ என்கேப் அமைப்பு, இன்டிகேட்டர், ஹாரன், வைப்பர் போன்றவற்றுக்குத் தனிப் பொத்தானோ நெம்புகோலோ இல்லாத கார்களுக்கு 2026 முதல் மதிப்பெண்ணைக் குறைக்கிறது. ஏசி அந்தப் பட்டியலில் இல்லை என்பதுதான் வருத்தம்.

இனி கண்ணாடி மங்கினால் முதலில் வைப்பரை ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். மங்கல் விலகினால் ஈரம் வெளிப்புறத்தில் இருக்கிறது; ஏசி கண்ணாடியைக் குளிர்விப்பதே அதற்குக் காரணம். அப்படியானால், குளிர்காற்று கண்ணாடியில் படாதபடி, மண்டபத்தில் கிளம்பும்போதே அதன் திசையைத் திரையில் மாற்றி வைத்துவிடுங்கள்.